ஐம்பதாம் நம்பர் உடம்பு

பர்வீன் என்னைச் சுவரோரமாக நிற்க வைத்துவிட்டு, தன் போனை மேஜைமேல் ஒரு டப்பாவில் சாய்த்து வைத்தாள். "கையை லேசா விரிச்சி நில்லுங்க அங்கிள். அப்டியே மெதுவா ஒரு சுத்து சுத்துங்க" என்றாள். ஆரத்திக்கு நிற்கும் மாப்பிள்ளை மாதிரி நின்றேன். சுற்றச் சொன்னாள், சுற்றினேன். அவ்வளவுதான் வேலை. நெஞ்சளவு, தோள், கை நீளம், முதுகு அகலம் எல்லாம் திரையில் வரிசையாக வந்து விழுந்தன.

ஆம்பூருக்கு வெளியே இருக்கும் ஒரு தோல் ஆடைக் கம்பெனியில் அளவெடுப்பதும் பேட்டர்ன் வெட்டுவதுமாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆம்பூர் என்றால் எல்லோருக்கும் ஷூதான் ஞாபகம் வரும். எங்கள் கம்பெனியில் ஜாக்கெட். இப்போது வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் தங்கள் வீட்டிலேயே போன் முன்னால் நின்று சுற்றுகிறார்கள், அளவு இங்கே வந்துவிடுகிறது. அப்படித் தைத்துப் போனதில் சில திரும்பி வருகின்றனவாம். ஏன் என்று பார்த்துச் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். கம்பெனியில் இந்தப் போன் அளவுகளைக் கவனித்துக்கொள்ளும் பெண்தான் பர்வீன். குறை கண்டுபிடித்தே தீருவது என்று மனத்துக்குள் முடிவு கட்டிக்கொண்டுதான் போனேன். அங்கிருந்த ஆட்களை டேப்பால் அளந்து பார்த்தேன். போன் சொன்னது சரியாகவே இருந்தது. எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன்.

என் அளவில் மட்டும் தகராறு. நான் ஓய்வு பெற்றபோது கம்பெனியில் எனக்கு ஒரு ஜாக்கெட் தைத்துப் போட்டார்கள். ஆம்பூர் வெயிலில் அதை எங்கே போடுவது? பீரோவில் தொங்குகிறது. அதன் அளவுகள் பர்வீனின் கம்ப்யூட்டரில் இருந்தன. போன் இப்போது சொல்லும் நெஞ்சளவு அதைவிட நன்றாகவே கம்மி.

"ஆப்ல ஏதோ மிஸ்டேக் அங்கிள். லைட் சரியில்ல. இன்னொரு வாட்டி எடுத்துர்லாம்" என்றாள். எடுத்தாள். அதே எண். "உங்க சட்டை லூசா இருக்குது, அதான் ஏமாத்துது" என்றாள். சட்டையைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுபடி சுற்றினேன். அதே எண். "அப்டேட் பண்ணாம வுட்டுட்டேன் போல" என்று போனைத் தட்ட ஆரம்பித்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னா அங்கிள் சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுல்லமா. நாங்களும் ஒரு காலத்துல இப்டித்தான் டேப்பைப் போட்டுத் திட்டிக்கினு இருந்தோம். அந்தக் கேப்புல ஒரு ஆளே எங்க கையை வுட்டுப் போய்ட்டிருப்பான்."

யார் அது என்று கேட்டாள். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

வேலூர் லாங் பஜாரில் ஒரு தையற்கடையில் சட்டை, பேன்ட் அளவெடுத்துக்கொண்டிருந்த எனக்கு ஆம்பூர் கம்பெனியில் வேலை கிடைத்தது. அளவெடுப்பதில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற திமிரோடு போனேன். போன அன்றே, அங்கே அளவெடுப்பதற்குத் தலைவராக இருந்த காதர் மாஸ்டர் அந்தத் திமிரை இறக்கி வைத்தார். பழைய ஜாக்கெட் ஒன்றின் தையலைப் பிரித்து, தோலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஊசி போன இடமெல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டை. "துணி மன்னிச்சி வுட்டுடும் சேகரு. தோலு மன்னிக்காது. ஒரு வாட்டி குத்தினா குத்தினதுதான். அளவு தப்பாப் போனா பிரிச்சித் தைக்க வழி கெடையாது" என்றார். அதற்குப் பிறகு சில வருஷம் அவர் அளவெடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதும், அவர் சொல்லும் எண்ணை எழுதுவதும்தான் என் வேலை. அந்தக் கதையை இழுக்க விரும்பவில்லை.

மாஸ்டர் அளவெடுக்கும் விதத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். ஒல்லியான மனிதர், எப்போதும் வெள்ளை ஜிப்பா. யாரிடமும் "நேரா நில்லு" என்று சொல்லமாட்டார். சொன்னால் போச்சு, எந்த மனிதனும் உடனே வயிற்றை எக்கி நெஞ்சை நிமிர்த்திக்கொள்வான். அந்த நெஞ்சுக்குத் தைத்தால் அவன் வாழ்நாள் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டேதான் ஜாக்கெட் போட வேண்டும். முதலில் சட்டையின் மேல் டேப்பை ஒரு முறை சும்மா ஓட்டுவார். அது கணக்கில் சேராது, டேப் பட்டதும் வரும் கூச்சம் போவதற்கு. முதுகு அகலத்தைக் கையைத் தொங்கவிட்டு எடுக்கமாட்டார். பைக் ஓட்டுகிற மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லி எடுப்பார். கை நீளத்துக்குப் பின்கழுத்து எலும்பில் டேப்பை வைத்து, தோளைச் சுற்றி, மடக்கின முழங்கையைத் தாண்டி மணிக்கட்டு வரைக்கும் கொண்டுவருவார். வலது கை தனி, இடது கை தனி. "ஆண்டவன் ரெண்டு கையையும் ஒரே பேட்டர்ன்ல வெட்டல" என்பார். பிறகு நாற்காலியில் உட்காரச் சொல்லி முன்பக்க நீளம் பார்ப்பார். நின்றபடி மட்டும் அளந்து தைத்தால், உட்காரும்போது ஜிப் மேலேறி தாடையில் இடிக்கும்.

நெஞ்சளவுதான் கடைசி. டேப்பைச் சுற்றி, உள்ளே இரண்டு விரலை விட்டுக்கொண்டு, எதிரில் இருப்பவன் முகத்தைப் பார்த்து மாஸ்டர் கேட்பார்: "காலைல இன்னா சாப்ட்ட?"

எல்லோரிடமும் இதே கேள்விதான். அளவெடுக்க வந்த இடத்தில் இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. யோசித்துப் பதில் சொல்ல வாயைத் திறக்கிற நேரத்தில், பிடித்து வைத்த மூச்சு தானாக இறங்கிவிடும். நெஞ்சு தன் சொந்த இடத்துக்கு வந்து உட்காரும். அந்த நொடியில் டேப்பைப் பிடித்து எண்ணைச் சொல்வார். ஒரு தடவை வாணியம்பாடி தோல் மண்டிக்காரர் ஒருவரின் மகன் வந்தான். வெளிநாட்டில் வேலை, ஊருக்குக் கிளம்புமுன் ஜாக்கெட் வேண்டும். மாஸ்டர் அன்றைக்கு நமாஸுக்குப் போயிருந்தார், நான்தான் எடுத்தேன். பையன் கண்ணாடியைப் பார்த்தபடி தொந்தியை உள்ளே இழுத்து வைத்திருந்தான். கேள்வி கேட்பதற்குள் அவனே "பாஸ்டா எட்த்துடுங்க பாய், டைம் இல்ல" என்றான். எடுத்துவிட்டேன். ட்ரையலில் ஜிப் பாதியில் நின்றுவிட்டது. மாஸ்டர் ஜிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாப்பாட்டு விஷயம் கேக்கலயா நீ?" என்றார். மொத்த ஜாக்கெட்டையும் புதுத் தோலில் மறுபடி வெட்ட வேண்டியதாயிற்று. அதிலிருந்து அந்தக் கேள்வி எனக்கும் தொழுகை மாதிரி ஆகிவிட்டது.

இனி ஏழுமலை.

ஏற்றுமதிக்குப் போகிற ஜாக்கெட்டில் ஒவ்வொரு மாடலுக்கும் முதலில் ஒரே ஒரு சாம்பிள்தான் தைப்போம். வாங்குகிற கம்பெனிக்காரரை நாங்கள் பையர் என்போம். பையருடைய கணக்கில் அந்தச் சாம்பிள் ஐம்பதாம் நம்பர் சைஸில் இருக்க வேண்டும். அது சரியாக உட்கார்ந்தால் மற்ற சைஸ்களை அதிலிருந்து பெருக்கியும் குறைத்தும் வெட்டிக்கொள்வோம். உட்காருகிறதா என்று பார்க்க ஒரு பொம்மை உண்டு. பொம்மைக்கு முழங்கை மடங்காது, மூச்சும் கிடையாது. பையர் தரப்பிலிருந்து ஆய்வுக்கு வரும் வெள்ளைக்காரர் ஒருவர் அந்தப் பொம்மையைக் கண்டாலே முகம் சுளிப்பார். ஒரு நாள் அவர் கம்பெனியைச் சுற்றிப் பார்க்கையில், எதிர்க்கொட்டகையில் தோலைப் பதனிடும் எங்கள் தோல் ஷாப்பில் ஈரத்தோலைத் தோளில் சுமந்துகொண்டு ஒருவன் போனான். உயரமான ஆள், அகன்ற நெஞ்சு, நீளக்கை. வெள்ளைக்காரர் அப்படியே நின்றுவிட்டார். கையைக் காட்டி ஏதோ கத்தினார். ஏதாவது தப்புச் செய்துவிட்டோமோ என்று அவன் பயந்து தோலைக் கீழே போட்டுவிட்டான்.

அவன்தான் ஏழுமலை, மாதனூர் பக்கத்து ஆள். மாஸ்டர் அளந்தார். தோள், நெஞ்சு, கை, முதுகு எல்லாம் பையர் அனுப்பிய ஐம்பதாம் நம்பர் அட்டவணை அப்படியே. அச்சில் வார்த்த மாதிரி. "அரே, இவனை எங்கே ஒளிச்சி வெச்சிருந்தீங்க?" என்றார் மாஸ்டர்.

அன்று முதல் ஏழுமலை எங்கள் சாம்பிள் பிரிவுக்கு வந்துவிட்டான். சாம்பிள் போட்டுக் காட்டுவது, மற்ற நேரத்தில் தோலைப் பிரித்து அடுக்குவது. சுண்ணாம்புத் தொட்டியில் நின்று கையும் காலும் வெந்துபோயிருந்த மனிதனுக்கு மின்விசிறிக்குக் கீழே நாற்காலி. விரலிடுக்கில் இருந்த புண்ணெல்லாம் ஆறின. ஆனால் மேனேஜர் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "உடம்பு இதே அளவுல இருக்கற வரைக்கும் இங்க. மாறிச்சின்னா பழைய எடத்துக்கே போய்டு." ஏழுமலை தலையாட்டினான். அவன் பெயரே ஒரு வாரத்தில் மறைந்துபோய், எல்லோருக்கும் 'அம்பது' ஆகிவிட்டான்.

அந்த உடம்பைக் காப்பாற்ற நாங்கள் பட்ட பாடு! ஆம்பூரில் இருந்துகொண்டு ஒருவனைப் பிரியாணியிலிருந்து காப்பாற்றுவது என்றால் சும்மாவா? வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் தெருவெல்லாம் மணக்கும். மாஸ்டர் வீட்டிலிருந்தே கத்திரிக்காய்த் தொக்கோடு எங்களுக்கு வரும். ஏழுமலை தட்டை நீட்டினால் மாஸ்டர் கரண்டியைப் பாதியில் நிறுத்துவார். "அம்பது, போதும். நீ அம்பத்திரெண்டு ஆய்ட்டா பையருக்கு நான் பதில் சொல்லணும்." ஏழுமலை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வான். "ஊரே துன்னுது, நான் மட்டும் அளவா துன்னணுமா? என் பொண்டாட்டி கூட என்னை இப்டி மெரட்ல மாஸ்டர்" என்பான். நோன்புக் கஞ்சியில் கூட அவனுக்கு அரை டம்ளர்தான். இவ்வளவும் கேலியோடு நடக்கும், அவனும் சிரிப்பான்.

ஜாக்கெட்டைப் போட்டு ஜிப்பை இழுக்கும்போதும் மூச்சு இறங்கி இருக்க வேண்டுமே, அதனால் ஏழுமலையிடமும் அதே கேள்விதான். "காலைல இன்னா சாப்ட்ட?" அவன் ரசித்துப் பதில் சொல்வான். "ஆறு இட்லி, நேத்து மீந்த கறிக்கொழம்பு மாஸ்டர்." "கேவுரு களி, கருவாட்டுக் கொழம்பு." அவன் சொல்லச் சொல்ல மாஸ்டர் ஜிப்பை இழுப்பார், தோள் மடிப்பைப் பார்ப்பார், நான் சாக்பீஸால் குறி போடுவேன். ஆரம்பத்தில் மாதாமாதம் அவனை டேப்பால் அளந்தோம். வருஷக்கணக்கில் இம்மியும் மாறவில்லை என்றதும் விட்டுவிட்டோம். அளவுகோலை யாராவது அளந்து பார்ப்பார்களா?

பல வருஷம் கழித்து ஒரு குளிர்கால ஆர்டர் வந்தது. பெரிய ஆர்டர். அது கைவிட்டுப் போனால் சாம்பிள் பிரிவையே மூடிவிடலாம் என்று மேனேஜர் பேசிக்கொண்டிருந்த நேரம். சாம்பிள் தைத்து ஏழுமலைக்குப் போட்டோம். தோளில் கொஞ்சம் தொங்கியது. "காலைல இன்னா சாப்ட்ட?" என்றார் மாஸ்டர். "டீ மட்டும் மாஸ்டர்" என்றான். மாஸ்டர் மடிப்பைக் கிள்ளிப் பிடித்தார், "இங்க கம்மி பண்ணு சேகரு" என்றார். நான் பேட்டர்ன் அட்டையைக் குறைத்தேன். அதன்படி தைத்து அனுப்பினோம். பையரிடமிருந்து திரும்பி வந்தது, ஜாக்கெட் இறுக்கமாம்.

மாஸ்டருக்குப் புரியவில்லை. மறுபடி வேறு தோலில் தைத்து ஏழுமலைக்குப் போட்டோம். இப்போதும் தொளதொள. "இன்னா சாப்ட்ட?" "ரெண்டு வாய் கஞ்சி. அதுவும் எறங்கல மாஸ்டர்." "ஜிப் நல்லா வருது. நெஞ்சுல இன்னும் கம்மி பண்ணலாம்" என்றார் மாஸ்டர். குறைத்தேன். அனுப்பினோம். இந்தத் தடவை பையர் கொஞ்சம் கடுமையாகவே எழுதியிருந்தார். நாங்கள் அனுப்புவது ஐம்பதே இல்லை, ஒரு சைஸ் சின்னது, இன்னும் ஒரே ஒரு வாய்ப்புத்தான், இல்லையென்றால் ஆர்டர் வேறு இடத்துக்கு.

அதன் பிறகு எங்கள் பிரிவில் நடந்த கூத்தை என்ன சொல்ல! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். தோல்தான் இழுபடுகிறது என்று மாஸ்டர் தோல் ஷாப்காரரோடு சண்டைக்குப் போனார். வெட்டுகிறவன் கை சரியில்லை என்று நான் அவனைப் பிடித்துத் திட்டினேன், அவன் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. கடைசியில் பழி டேப்பின் தலையில் விழுந்தது. டேப் நாளாக ஆக நீண்டுவிடும். நீண்ட டேப் பொய் சொல்லும். அதனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் எல்லா டேப்பையும் எஃகு ஸ்கேலோடு வைத்துப் பார்ப்பது மாஸ்டரின் வழக்கம். நீண்டு போனதை வேறு யாரும் தெரியாமல் எடுத்துவிடக் கூடாது என்று துண்டு துண்டாக நறுக்கிப் போட்டுவிடுவார். அன்று திங்கட்கிழமை இல்லை. ஆனாலும் பிரிவில் இருந்த டேப் அத்தனையையும் மேஜைமேல் கொட்டி ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தன.

மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "டேப்பு சரி. அட்டை சரி. தோலும் பாத்தாச்சி. அப்போ இன்னாதான் பேஜாரு?"

நான் நிமிர்ந்தேன். ஏழுமலை தன் நாற்காலியை, மின்விசிறிக்குக் கீழே இல்லாமல் கொஞ்சம் தள்ளி, வெயில் விழும் ஜன்னலோரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சித்திரை மாதம். எங்கள் முதுகெல்லாம் நனைந்திருந்தது. அவன் தடிச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தானைக்கூட மாட்டியிருந்தான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, அவனைத் தவிர மீதி எல்லாவற்றையும் அளந்திருக்கிறோம்.

"மாஸ்டர்," என்றேன், "மிச்சம் ஒண்ணே ஒண்ணுதான் அளக்கல."

மாஸ்டரும் திரும்பிப் பார்த்தார். "அம்பது, இங்க வா. சட்டையைக் கழட்டு."

"வேணாம் மாஸ்டர். இப்டியே எடுங்க" என்றான் ஏழுமலை.

"கழட்டுடா."

அவன் கழற்றவில்லை. நான்தான் பொத்தான்களைக் கழற்றினேன். சட்டைக்குள் ஒரு பனியன். அதற்குள் இன்னொரு பனியன். அதற்கும் உள்ளே, நெஞ்சைச் சுற்றி ஒரு துண்டை மடித்துக் கட்டி, நுனியை இடுப்பில் செருகியிருந்தான். துண்டை எடுத்தேன். காறை எலும்பு தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. எங்கள் ஐம்பது எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

மாஸ்டர் டேப்பை எடுத்து நெஞ்சைச் சுற்றினார். உள்ளே இரண்டு விரலை விட்டுக்கொண்டார். அத்தனை வருஷப் பழக்கம், வாய் தானாகக் கேட்டுவிட்டது: "காலைல இன்னா சாப்ட்ட?"

ஏழுமலை அவரையே பார்த்தான். அவனுக்குக் கோபமில்லை, களைப்புத்தான்.

"எவ்ளோ நாளா சொல்லிக்கினே இருக்கறேன் மாஸ்டர். ஒண்ணும் எறங்க மாட்டேங்குது. டீ மட்டும்னேன். கஞ்சி எறங்கலன்னேன். சாயந்தரமானா ஜொரம் வருதுன்னும் ஒரு நாள் சொன்னேன். நீங்களுந்தான் தெனம் கேக்கறீங்க."

டேப் மாஸ்டர் கையிலிருந்து நழுவி ஏழுமலையின் இடுப்பில் தொங்கியது. பேட்டர்ன் மேஜையில் யாரையும் உட்கார விடாதவர், அட்டைகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "யா அல்லா" என்றார். எவ்வளவோ பேரிடம் கேட்ட கேள்வி. யார் என்ன பதில் சொன்னார்கள் என்று கேட்டால் மாஸ்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பதில் வரும்போது நாங்கள் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

"அப்போ துண்டை எதுக்குடா கட்டின?" என்று நான்தான் கேட்டேன்.

"அளவு மாறினா திருப்பியும் தொட்டிக்கு அனுப்பிச்சிடுவாங்கல்ல. இந்த உடம்போட தொட்டியில நின்னா செத்துருவேன் சேகரு." சொல்லிவிட்டுக் குனிந்து சட்டையைத் தேடினான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க, "இதை மொதல்லயே வாயைத் தெறந்து சொல்றதுக்கின்னாடா" என்று அவன்மேலேயே பாய்ந்தேன். வாயைத் திறந்து சொல்லாமலா இருந்தான்!

"ஏழுமலை, கெளம்பு. சேகரு, வண்டியச் சொல்லு" என்றார் மாஸ்டர். அவன் பெயரை அவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

வேலூர் ஆஸ்பத்திரியில் எடுத்த எடுப்பில் கண்டுபிடித்துவிட்டார்கள். டி.பி. நுரையீரலில். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கஷ்டம், இப்போது விடாமல் மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். எத்தனை மாதமாக இளைக்கிறார் என்று கேட்டார். எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. மாஸ்டர்தான் யோசித்து, முதல் சாம்பிளுக்கு அட்டையை எவ்வளவு குறைத்தோம், அடுத்ததற்கு எவ்வளவு என்று விரல் விட்டுக் கணக்குச் சொன்னார். டாக்டர் எங்கள் இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஆர்டர் பிழைத்தது. குறைத்த அட்டைகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் பழைய ஐம்பதையே வெட்டினோம். சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவில் ஏறக்குறைய அதே உடம்புள்ள ஒருவனைப் பிடித்துப் போட்டுப் பார்த்து அனுப்பினோம், பையர் ஒப்புக்கொண்டார். ஏழுமலை மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டு, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு திரும்பி வந்தான். கேன்டீனில் அவன் டம்ளரைத் தனியாக வைத்தார்கள். நான் போட்ட சத்தத்தில் மறுநாளே அது மற்ற டம்ளர்களோடு சேர்ந்துவிட்டது. ஜோராகத்தான் இருந்தான், முகத்தில் களை வந்திருந்தது. ஆனால் பழைய நெஞ்சு திரும்பவில்லை. டேப்பை வைத்தால் நாற்பத்தெட்டாம் நம்பரோடு நின்றுவிட்டது.

மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் சொன்ன சொல்லில் நிற்பவர். "அம்பதுக்கு இப்ப வேற ஆள் இருக்குது. இவனைப் பழைய எடத்துக்கு அனுப்பிடலாம் மாஸ்டர்" என்றார். ஏழுமலை கதவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தான். அவன் கை சட்டை நுனியைத் திருகிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் குரலை உயர்த்தாமல் கேட்டார்: "பையருக்கு நாப்பத்தெட்டு விக்கிதா சார்?"

"விக்காம இன்னா, அம்பதுக்கு அடுத்தபடியா அதான் ஜாஸ்தி போவுது."

"அதை எந்த உடம்புல போட்டுப் பாக்கறோம்?"

"அதெல்லாம் கணக்குலயே கொறைச்சிக்கறதுதான. எந்தக் கம்பெனியிலயும் நாப்பத்தெட்டுக்குன்னு தனி ஆள் வெக்கறதில்ல."

"நான் வெக்கறேன்" என்றார் மாஸ்டர். "கணக்குல கொறைச்சா எப்டி இருக்கும்னு நான் பாத்துட்டேன் சார். இனிமே நாப்பத்தெட்டும் ஆளைப் போட்டுப் பாத்துத்தான் அனுப்புவேன். அளவா ஒரு ஆளு கம்பெனியிலயே இருக்கறான். வேணாம்னா வேற மாஸ்டரைப் பாத்துக்கங்க."

மேனேஜர் சரி போங்க என்றார். ஏழுமலை ஓய்வு பெறும் வரைக்கும் எங்கள் நாற்பத்தெட்டாக இருந்தான். கூப்பிடும்போது மட்டும் யாரும் மாற்றவில்லை, கடைசி வரைக்கும் அம்பதுதான். மேனேஜர் சரி என்ற அந்த வார வெள்ளிக்கிழமை மாஸ்டர் வீட்டுப் பிரியாணியில் அவன் தட்டு நிறைந்தது.

மாஸ்டர் அளவெடுக்கும் விதத்தில் அதன் பிறகு ஒன்றே ஒன்று மாறியது. கேள்வியை அளவுக்கு முன்னாலேயே கேட்டுவிடுவார், டேப் அவர் கழுத்தில் கிடக்கும்போதே. பதிலை முழுக்கக் கேட்பார். வாங்க வந்தவர்கள் சிலர் சலித்துக்கொண்டார்கள், அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. நெஞ்சளவுக்கு மூச்சு இறங்க வேண்டுமே, அதற்கு ஊர் எது, எத்தனை பிள்ளைகள் என்று வேறு எதையாவது கேட்டுக்கொள்வார். மாஸ்டர் இப்போது இல்லை. நானும் ஓய்வு பெறும் வரை அப்படியேதான் செய்தேன்.

இதை நான் சொல்லி முடித்தபோது பர்வீன் போனைத் தட்டுவதை நிறுத்தியிருந்தாள். அதைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தாள்.

"அங்கிள், காலைல இன்னா சாப்ட்டீங்க?"

"ரெண்டு இட்லி வெச்சாங்க. ஒண்ணுதான் சாப்ட்டேன்" என்றேன்.

"ஏன்?"

எங்களுக்குக் கேட்கத் தோன்றாத கேள்வி அதுதான். வாய் எப்போதும் காய்கிறது, தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறேன், பசி போன இடம் தெரியவில்லை, பேன்ட் இடுப்பில் நிற்பதில்லை, வயசாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் திரும்பத் திரும்ப "அப்றம்?" என்று கேட்டாள். ஆப்பில் மிஸ்டேக் இல்லை என்று இருவருக்கும் புரிந்தது.

சாயங்காலம் ஏழுமலைக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும், "தனியா போவாத. அந்த ஆஸ்பத்திரியில எந்தச் சீட்டு எங்க வாங்கணும்னு எனக்கு அத்துபடி. நீ பஸ் ஏறு, வழியில மாதனூர்ல நான் ஏறிக்கறேன்" என்றான்.

மறுநாள் நான் போனபோது ஆம்பூர் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றிருந்தான். எனக்காக மாதனூரிலிருந்து எதிர்ப்பக்கம் பஸ் பிடித்து வந்திருக்கிறான். என்னை மேலும் கீழும் பார்த்தான். தோளில் கையைப் போட்டு ஒரு பிடி பிடித்தான். "சைஸ் எறங்கிட்டயேப்பா" என்றான். அன்றைக்கு சர்க்கரை என்று கண்டுபிடித்தார்கள், கண்டபடி ஏறியிருந்தது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது அது எதுவும் தெரியாது.

வேலூர் பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்து ஏறியது. நானும் ஏறப் போனேன். ஏழுமலை என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"காலைல இன்னா சாப்ட்ட?"

"வாடா, பஸ் போய்டும். ஏறிட்டுப் பேசலாம்."

"போனா அடுத்த பஸ் வரும். நீ சொல்லு."

கண்டக்டர் விசில் ஊதினார். நான் பதில் சொல்லி முடிக்கும் வரைக்கும் ஏழுமலை படியில் கால் வைக்கவில்லை.